வெள்ளிக்கிழமை முத்திரை

அந்த ஜூலையில் எங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் வேலை செய்யத் தடை வந்தது. வேலை குவிந்துதான் கிடந்தது, ஆனால் அதை யாரும் தொடக்கூடாது. தொட்டால் குற்றம். இந்த நுணுக்கம் மெர்வினுக்குப் புரிவதற்குள் அவனுடைய இருபத்தொன்பது வருடச் சர்வீஸ் சந்தி சிரித்துவிட்டது.

ஹார்ன்பெக்கில் இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு டிப்போவில்தான் சோறு. பென்சில்வேனியா மலையடிவாரத்தில், ரயில் பாதை முடிகிற இடத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்தில் கட்டிய ராணுவப் பணிமனை அது. உடைந்ததும் துருப்பிடித்ததும் வரும், நாங்கள் பழுது பார்த்து அனுப்புவோம். நான் இருபத்திரண்டு வருடமாகக் கருவி அறை ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்பேனர் கொடுப்பேன், வாங்குவேன், திருப்பித் தராதவனைத் திட்டுவேன். வேறு யாரும் முன்வராததால் ஒன்பது வருடமாகச் சங்கப் பிரதிநிதியும் நான்தான். மெர்வின் கைசர் முலாம் பூசும் பிரிவில் இருந்தான். என் பக்கத்து வீடு. எதிர் வீடு கிளென் ராடர், மெர்வினின் மனைவி டார்லாவுக்கு அண்ணன். அவனும் டிப்போதான், திட்டப் பிரிவில், ஏசி அறையில்.

இந்தத் தடை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தலைநகரத்தில் யானைக் கட்சிக்கும் கழுதைக் கட்சிக்கும் வரவு செலவில் ஒத்துப்போகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டார்கள். குறித்த நாளுக்குள் நாங்கள் ஒத்துப்போகாவிட்டால் எல்லாச் செலவும் தானாக வெட்டுப்படட்டும், அந்தப் பயத்திலாவது எங்களுக்குப் புத்தி வரும் என்றார்கள். நாள் வந்தது, புத்தி வரவில்லை. கத்தி தானாக இறங்கியது. இறங்கிய இடத்தில் அவர்கள் இல்லை, நாங்கள் இருந்தோம். வாரத்துக்கு ஒருநாள் சம்பளமில்லாத கட்டாய விடுப்பு, பதினோரு வாரத்துக்கு. டிப்போவுக்கு வெள்ளிக்கிழமை.

மெர்வின் யானைக் கட்சி. கிளென் கழுதைக் கட்சி, அதாவது ஜனாதிபதியின் கட்சி. முன்பெல்லாம் தேர்தலுக்கு ஒரு மாதம் முறைத்துக்கொள்வார்கள், அப்புறம் மான் வேட்டைக்கு ஒரே வண்டியில் போவார்கள். இந்த வெட்டு வந்ததும் மெர்வின் ஒரு பலகையை எடுத்து, 'இந்த வெள்ளிக்கிழமை ஜனாதிபதியின் பரிசு' என்று சிவப்புப் பெயின்டில் எழுதித் தன் புல்வெளியில் நட்டான். மறுநாள் காலையில் கிளென் வாசலில் நீலத்தில் ஒரு பலகை நின்றது. 'அவர் கையைக் கட்டியது உங்கள் கட்சி மெம்பர்' என்று. இரண்டு பலகைக்கும் நடுவில் பதினைந்தடி ரோடு. நான் தபால் எடுக்கப் போகும்போதெல்லாம் இரண்டையும் படித்தாக வேண்டும்.

டார்லா எந்தக் கட்சியும் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. கிளெனின் மனைவி விட்டுப் போனதிலிருந்து ஒரு பெரிய மூடிபோட்ட பாத்திரத்தில் அவனுக்குச் சாப்பாடு ரோட்டைக் கடந்து போகும், கழுவித் திரும்பி வரும். ஆறு வருடமாக அந்தப் பாத்திரம் நின்றதில்லை. கட்டாய விடுப்பு வந்ததும் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். வெள்ளிக்கிழமை மதியம் எல்லாருக்கும் தன் வீட்டில் சாப்பாடு, என்னையும் சேர்த்து. சும்மா வீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பேரும் பலகை எழுதியே ஊரை நிரப்பிவிடுவார்கள் என்றாள்.

இனி மெர்வினின் வேலையைப் பற்றி. பெரிய வண்டிகளின் தூக்குச் சிலிண்டருக்குள் ஓடுகிற எஃகுத் தண்டுகள் அவனிடம் வரும். முழங்கை நீளம், மணிக்கட்டுக் கனம். பழைய முலாமை அமிலத்தில் உரித்துவிட்டுப் புது முலாம் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் காட்டமான அமிலத்தில் இரண்டு மணி நேரத்தில் உரித்துவிடுவார்கள். மெர்வினுக்கு அது பிடிக்காது, எஃகின் தோல் கெட்டுப்போகும் என்பான். அவன் முறை வேறு. வியாழக்கிழமை கடைசி வேலையாகத் தண்டுகளை நீர்த்த அமிலத் தொட்டியில் தொங்கவிடுவான். இரவெல்லாம் மெதுவாக உரியும். வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக எடுத்துக் கழுவி எண்ணெய் பூசுவான். இருபத்தொன்பது வருடம் அப்படித்தான். அவன் தொட்டுக் கொடுத்த தண்டு திரும்பி வந்ததே இல்லை.

வேலை முடிந்ததும் கூடவே வருகிற அட்டையில் தேதி போட்டு முத்திரை குத்த வேண்டும். ஆளுக்கொரு எண். மெர்வினுடையது 417. பித்தளையில் செய்த சின்ன முத்திரை, சாவிக்கொத்தில் தொங்கும், தேவாலயத்துக்குப் போகும்போதும் இடுப்பில்தான் இருக்கும். முத்திரை இல்லாத வேலை எங்களிடம் வேலையே இல்லை.

இரண்டாவது கட்டாய விடுப்புக்கு முந்தின வியாழன். மத்தியானம் இரண்டரைக்கு எல்லாரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மேலிடத்திலிருந்து வந்த ஒருவர், வெள்ளிக்கிழமை யாரும் உள்ளே வரக்கூடாது, வேலை சம்பந்தமாகப் போன்கூடப் பேசக்கூடாது, ஓசியில் உழைப்பதை அரசாங்கம் வாங்கிக்கொள்ளக்கூடாது என்பது சட்டம் என்று படித்தார். மூன்றரைக்கு விளக்கை அணைத்து எங்களை மந்தை ஓட்டுவதுபோல வெளியே ஓட்டினார்கள். மெர்வினின் கை அன்று கூட்டத்துக்கு முன்பே தன் பாட்டுக்கு வியாழக்கிழமை வேலையைச் செய்திருந்தது. எட்டுத் தண்டுகள் தொட்டியில் தொங்கின.

வெள்ளிக்கிழமை காலையில், காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது அவனுக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு இரவு தாங்கும். திங்கட்கிழமைவரை கிடந்தால் எஃகில் குழி விழுந்துவிடும், எட்டும் குப்பை. மேற்பார்வையாளருக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாதே. வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வாசல் காவல்காரனிடம் ரத்த அழுத்த மாத்திரையை அலமாரியில் விட்டுவிட்டேன் என்றான். முப்பது வருடப் பழக்கம், அவன் ஏட்டில்கூட எழுதாமல் கதவைத் திறந்துவிட்டான். ஒரு மணி நேரத்தில் தண்டுகளை எடுத்து, கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசி, எண்ணெய்க் காகிதம் சுற்றி அடுக்கிவிட்டு வந்துவிட்டான்.

அன்றைக்கு டார்லா வீட்டில் சோளம் போடுகிற நாள். அந்த வருடத்தின் முதல் மக்காச்சோளம், இருபது டஜன் கதிர், விடிகாலையில் பண்ணையிலிருந்து இறக்கியிருந்தாள். ஜூலையில் வாங்கி, அவித்து, ஐஸ் தண்ணீரில் போட்டு, கத்தியால் முத்தைச் சீவிப் பையில் அடைத்துப் பெரிய பெட்டியில் உறையவைத்தால் அடுத்த ஜூலைவரை ஓடும். கிளென் பின்படியில் உட்கார்ந்து மட்டை உரித்தான். நான் அடுப்பில் நின்றேன். டார்லா சீவினாள். சட்டையெல்லாம் சோளப்பால் பிசுபிசுத்தது, சமையலறை ஜன்னல்களில் ஆவி வழிந்தது. வெளியே தொண்ணூறு டிகிரிக்கு மேல் புழுக்கம், மழை வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றிக்கொண்டிருந்தது. மெர்வின் பத்து மணிக்கு வந்து கை கழுவிவிட்டுத் தன் வேலையில் உட்கார்ந்தான். பையில் அடைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, கறுப்புப் பேனாவால் தேதி எழுதுவது. அது எப்போதும் அவன் வேலைதான்.

மதியம் கோழியும் சோளமும் போட்ட சூப், உருட்டிப்போட்ட மாவு உருண்டைகளோடு. தட்டில் தக்காளி, வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய். சாப்பிடும்போது மெர்வின் சிரித்துக்கொண்டே காலையில் நடந்ததைச் சொன்னான். அவனுக்கு அது ஒரு வேடிக்கை. காவல்காரனை ஏமாற்றியதைத்தான் பெரிதாகச் சொன்னான்.

கிளென் கரண்டியைக் கீழே வைத்தான்.

"சம்பளமில்லாமயா?"

"பின்ன யாரு குடுப்பா? உங்க ஜனாதிபதியா?"

"அரசாங்க வேலைக்காரன்லாம் சோம்பேறி, ஆளைக் குறைன்னு மேடையில பேசுறவனுக்கு ஓட்டுப் போட்டுட்டு, இப்ப நீயே போயி ஓசியில உழைச்சிட்டு வந்திருக்கியே மச்சான். உன்னை எந்தப் பட்டியல்ல சேர்க்கிறது?"

"எட்டுத் தண்டு, கிளென். திங்கக்கெழம போயிப் பாத்தா சல்லடையா இருந்திருக்கும்."

"இருக்கட்டுமே. வெட்டினா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியட்டும். நீ போயி ஓட்டையை அடைச்சா, பாத்தியா வெட்டியும் ஒண்ணும் ஆகலைன்னு நாளைக்கு இன்னும் வெட்டுவான். அதோட நீ செஞ்சது சட்டப்படி குத்தம், தெரியுமா?"

"வேலை செஞ்சது குத்தமா?"

"நேத்து அதைத்தானே படிச்சான். நீ தூங்கினியா?"

டார்லா இருவருக்கும் நடுவில் சூப் சட்டியை வைத்துவிட்டு, இன்னும் எட்டு டஜன் கிடக்கிறது, பேச்சை வைத்துக்கொண்டு யாரும் எழுந்து போக முடியாது என்றாள். அத்தோடு அது முடிந்தது என்று நினைத்தோம். சாயங்காலம் நூற்றுப்பத்துப் பை ஆனது.

புதன்கிழமை மெர்வினுக்குக் கடிதம் வந்தது. கட்டாய விடுப்பு நாளில் அனுமதியில்லாமல் நுழைந்து வேலை செய்ததாகப் புகார். பதினான்கு நாள் இடைநீக்கமும் முத்திரைப் பறிப்பும் ஏன் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தது. அவன் அதை என் ஜன்னலுக்கு எடுத்துக்கொண்டு வந்தான். பதினான்கு நாளை அவன் படிக்கவே இல்லை. முத்திரை என்ற வரியில் கட்டைவிரல் இருந்தது.

"417ஐ எப்படி எடுப்பாங்க ரூத்?"

எடுக்க மாட்டார்கள், பேசிக்கொள்ளலாம் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

"நாலு பேருக்குத்தான் தெரியும்" என்றான். "டார்லா சொல்ல மாட்டா. நீ சொல்ல மாட்டே. காவல்காரன் சொன்னா அவன் வேலை முதல்ல போகும்."

மீதி ஒரு ஆள். அவன் பெயரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. யாராவது வண்டியைப் பார்த்திருக்கலாம், கேமரா இருக்கலாம் என்று நான் நாலைந்து வழி சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை. இத்தனை நாளாகப் பலகையில் எழுதிவைத்த ஆள் கண்ணெதிரில் இருக்கும்போது கேமராவைத் தேடுவதற்கு யாருக்கு மனம் வரும்?

அன்று சாயங்காலம் அவர்கள் ரோட்டின் நடுவில் நின்று பேசியதை அந்தத் தெருவே கேட்டது. மெர்வின் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டுப் போயி எழுதிக் குடுத்தியா?"

"நான் சொல்லல" என்றான் கிளென்.

"குத்தம்னு நீதானே சொன்னே. உன் வாயாலதானே சொன்னே."

"சொன்னேன். உன்கிட்ட சொன்னேன். வேற யார்கிட்டயும் சொல்லல."

"உங்க ஆளுங்க என்னிக்கு உண்மை பேசியிருக்கீங்க? மேல இருக்கிறவன்லேர்ந்து கீழ நீவரைக்கும் ஒரே பொய். வெட்டினது நீங்க, பழி எங்க மேல. காட்டிக் குடுத்தது நீ, கேட்டா நான் இல்ல."

கிளெனின் முகம் சிவந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போயிருந்தால் அடுத்த வாரம் எல்லாம் ஆறியிருக்கும். ஆனால் ரோஷத்தில் அவனும் குறைந்தவன் இல்லை.

"நான் சொல்லல, மெர்வின். ஆனா சொல்லியிருக்கணும்னு இப்பத் தோணுது."

டார்லா வாசலில் நின்றிருந்தாள், கையில் அந்த மூடிப் பாத்திரத்தோடு. உள்ளே பன்றி இறைச்சியும் பீன்ஸும் உருளைக்கிழங்கும், அண்ணனுக்கு. அவள் அவனைப் பார்த்து, "இனிமே என் வீட்டுப் படி ஏறாத, கிளென்" என்றாள். ஆனால் பாத்திரத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினாள். ஆக்கியதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

விசாரணை ஆகஸ்ட் முதல் வாரத்தில். ஒரு மேசை, நான்கு நாற்காலி. அதிகாரி ஹோவர்டு நல்ல மனிதர்தான், அவருக்கும் வெள்ளிக்கிழமைச் சம்பளம் கிடையாது. மெர்வின் தன் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு வந்திருந்தான். நான் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தேன். அரசாங்கச் சொத்தைக் காப்பாற்றத்தான் போனான், ஒரு காசு கேட்கவில்லை, இருபத்தொன்பது வருடத்தில் ஒரு குறை கிடையாது. ஹோவர்டு தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் மெர்வின் தானே பேசினான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். என்னைப் பத்திச் சொன்னது யாரு? எதிர்ல நின்னு சொல்லச் சொல்லுங்க. அந்த உரிமை எனக்கு உண்டு."

ஹோவர்டு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் திருப்பி வைத்தார்.

"யாரும் சொல்லல மெர்வின். நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

எட்டுத் தண்டுகளோடு போன அட்டை அது. எண்ணெய் விரல் தடம். உரித்தல் முடிந்தது என்ற கட்டத்தில் ஜூலை 19, அவன் கையெழுத்து. அதன் மேல் 417, கோணல் இல்லாமல், அழுத்தமாக. திங்கட்கிழமை சோதனைப் பிரிவில் அட்டையைப் பதிவேற்றப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தேதியைக் கம்ப்யூட்டர் வாங்கவில்லை, அந்த நாளே அதற்குள் கிடையாது. ஏன் வாங்கவில்லை என்று மேலே கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது.

"திங்கக்கெழம தேதி போட்டிருக்கலாமே" என்றார் ஹோவர்டு. குரலில் வருத்தம் இருந்தது. "எங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எடுத்தது வெள்ளிக்கெழமதானே சார்" என்றான் மெர்வின்.

இடைநீக்கத்தை ஐந்து நாளாகக் குறைத்தார்கள். முத்திரையை ஒரு வருடத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். அவன் சாவிக்கொத்திலிருந்து கழற்ற முடியாமல் நகம் ஒடிந்தது. வளையம் துருப்பிடித்துப் போயிருந்தது. கடைசியில் நான்தான் பேனாக் கத்தியால் நெம்பிக் கழற்றிக் கொடுத்தேன். திரும்பி வந்தால் அவனுக்கு முற்றத்தில் வேலை, புல் வெட்டுவதும் பழைய இரும்பு ஏற்றுவதும்.

வெளியே வண்டி நிறுத்தத்தில் கொதிக்கிற தாரில் நின்றோம். அவன் நேராக எதிர் வீட்டுக்குப் போவான் என்று நினைத்தேன். அவன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"இது அந்த ரூமோட இருக்கட்டும் ரூத்."

"கிளென்கிட்ட?"

"என்னன்னு போயிச் சொல்றது? நாந்தான் குத்தினேன், மன்னிச்சிடுன்னா? சொல்லியிருக்கணும்னு தோணுதுன்னு நடுரோட்ல சொன்னவன்கிட்டயா?" மலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். "தேதி நான் போட்டேன், சரி. நாளை அடைச்சது யாரு? அவன் கட்சிதானே. சுத்திச் சுத்தி எங்க வந்து நிக்குதுன்னு பாரு."

விசாரணையில் கேட்டதைப் பிரதிநிதி வெளியே சொல்லக்கூடாது என்பது சங்க விதி. சொல்ல மாட்டேன் என்றேன். விதி எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிறவர்கள் நாங்கள். இன்னொருவருடைய அவமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போக எனக்கு அன்று திராணி இல்லை.

மறுநாளே டார்லா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். ஈரத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"எங்க அண்ணன்தானா ரூத்?"

"கேஸ் விஷயம் டார்லா. நான் வெளிய சொல்லக்கூடாது."

அவள் கையிலிருந்த கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு தலையாட்டினாள். ஆமாம் என்றுதான் எடுத்துக்கொண்டாள். நான் அதைத் திருத்தவில்லை.

அந்த வாரமே இன்னொரு செய்தி வந்தது. பதினோரு நாள் கட்டாய விடுப்பு ஆறு நாளாகக் குறைக்கப்பட்டது. எங்கோ கொஞ்சம் பணம் கிடைத்துவிட்டதாம். தீயணைப்பு நிலையத்தின் கோழி வறுவல் விருந்துக்கு இரண்டு கட்சியிலிருந்தும் ஆள் வந்தார்கள். யானைக்காரர் நாங்கள் போராடிக் குறைத்தோம் என்றார். கழுதைக்காரர் நாங்கள் குறைத்தோம், இவர்கள் தடுத்தார்கள் என்றார். வெட்டும்போது மற்றவன் செய்தது, குறைக்கும்போது தான் செய்தது. இரண்டு பேரும் வறுத்த கோழியை நன்றாகச் சாப்பிட்டார்கள். மெர்வின் தன் கட்சி ஆளுக்குக் கை தட்டினான். கிளென் வரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் கருவி அறை ஜன்னலிலிருந்து முற்றத்தைப் பார்த்தேன். மெர்வின் கைவண்டியில் எதையோ தள்ளிக்கொண்டு பழைய இரும்பு போடுகிற தொட்டிப் பக்கம் வந்தான். என் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினான். எட்டுத் தண்டுகள். எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. இல்லாத நாளில் செய்த வேலைக்கு யாரும் சான்று கொடுக்க முடியாது, சான்று இல்லாத பாகத்தை வண்டியில் பூட்ட முடியாது, ஆகவே கழிவு என்று சீட்டு ஒட்டியிருந்தது. அவன் கீழே உட்கார்ந்து ஒன்றைப் பிரித்து, மடியில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்துப் பார்த்தான். இன்னொரு பக்கம் திருப்பி இழுத்தான்.

"ஒரு குழி இல்ல ரூத்" என்றான்.

பிறகு திரும்பக் காகிதத்தைச் சுற்றி எட்டையும் தொட்டியில் போட்டான். தூக்கி எறியவில்லை, ஒவ்வொன்றாகக் குனிந்து வைத்தான். அன்றைக்காவது வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லுவான் என்று நினைத்தேன். சாயங்காலம் அவன் புல்வெளியில் மண்டியிட்டு, வெயிலில் வெளுத்த பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

எதிர் வாசலில் பலகை இல்லை. கிளென் அதை எப்போது பிடுங்கினான் என்று எனக்குத் தெரியாது. செப்டம்பரில் அவன் அலபாமாவில் இன்னொரு டிப்போவுக்கு மாற்றல் கேட்டான். அக்டோபரில் இரண்டு கட்சியும் மறுபடி சண்டை போட்டு அரசாங்கத்தையே சில நாள் மூடிவிட்டுத் திறந்தார்கள். அந்தக் குழப்பத்திலேயே அவன் வண்டியில் சாமானை ஏற்றினான். நான் போய்க் கை கொடுத்தேன். டார்லா வீட்டுத் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. அவன் போன பிறகு பார்த்தால், அவள் படியில் அந்த மூடிப் பாத்திரம் இருந்தது. கழுவித் துடைத்து, மூடியை ஒழுங்காகப் போட்டு வைத்திருந்தான். படி ஏறாதே என்றாள் அல்லவா, கீழ்ப்படியில்தான் வைத்திருந்தான்.

நவம்பரில், நன்றித் திருநாள் விருந்துக்கு முந்தின நாள், வெளியே பொடிப் பனி விழுந்துகொண்டிருந்தது. டார்லா என் சமையலறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வந்தாள். கோட்டு இல்லை, கையில் உறைந்த சோளப் பை ஒன்று. பால், முட்டை, வெண்ணெய் சேர்த்து அடுப்பில் வேகவைக்கிற சோளம் இல்லாமல் அவள் வீட்டில் அந்த விருந்து கிடையாது. அதற்காகப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். பையை என் மேசையில் வைத்தாள். கறுப்புப் பேனாவில், கோணல் இல்லாத எழுத்தில், ஜூலை 19.

"நூத்துப்பத்துப் பை" என்றாள். "ஒண்ணு விடாம போட்டிருக்கான். ஊறுகாய் பாட்டில்ல போடுவான். காரோட ஃபில்டர்ல போடுவான். எங்க கல்யாண போட்டோ பின்னாடி போட்டிருக்கான். தேதி போடாம ஒரு பொருளை அவன் கீழ வச்சு நான் பாத்ததில்ல."

நான் அடுப்பை அணைத்தேன்.

"அந்தத் தண்டுங்களோட அட்டையிலயும் போட்டிருந்தானா ரூத்?"

"கேஸ் விஷயம் டார்லா. நான் வெளிய சொல்லக்கூடாது."

அதே சொற்கள், அதே குரல். அவள் இந்தத் தடவையும் தலையாட்டினாள். பையைச் சுற்றி மேசையில் தண்ணீர் தேங்கியது. ஆகஸ்டில் நான் வாயைத் திறந்திருந்தால் என்று அவள் கேட்கவில்லை. "நான்தானே படி ஏறாதன்னு சொன்னேன்" என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு பனியில் நடந்து போனாள்.

மறுநாள் விருந்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியுமா, வருடா வருடம் போகிறவள். மேசையில் மூன்று தட்டு. வான்கோழி, உருளைக்கிழங்கு மசியல், குழம்பு, ஆப்பிள் வைத்துச் சுட்ட இனிப்பு, எல்லாம் இருந்தது. வேகவைத்த சோளம் மட்டும் இல்லை. மெர்வின் தலைகுனிந்து கடவுளுக்கு நன்றி சொன்னான். அவன் தலை நிமிர்வதற்குள் டார்லா எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, உறைந்த சோளப் பையைக் கொண்டுவந்து அவன் தட்டில் வைத்தாள். கல் விழுந்தமாதிரி தட்டு சத்தம் போட்டது. தேதி மேலே தெரிந்தது.

அவள் உட்கார்ந்து அவனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் அதைப் படித்தான். காது நுனிவரை சிவந்தது. ஒரு வார்த்தை போதும். சொல்லியிருந்தால் அவள் அப்போதே அலபாமாவுக்குப் போன் செய்திருப்பாள். போன் அவள் கைக்கருகில்தான் இருந்தது.

மெர்வின் பையை இரண்டு விரலால் எடுத்தான். அதைத் திருப்பி, தேதி இல்லாத பக்கம் மேலே வரும்படி தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். தட்டில் ஒட்டிய ஈரத்தைத் துணியால் துடைத்தான்.

"குழம்பை இந்தப் பக்கம் தள்ளு ரூத்" என்றான்.

நான் தள்ளினேன்.